மாத்திரையை நிறுத்திய பின் வராத மாதவிலக்கு
மகளிர் நலம்: வாசகியர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 28, ஒரு மகன் இருக்கிறான். துணை சுகாதார நிலையத்தில் தந்த மாலா-என் கருத்தடை மாத்திரையை நான்கு ஆண்டுகளாகச் சாப்பிட்டேன். மாதம் தவறாமல் மாதவிலக்கு வந்தது. இரண்டாவது குழந்தைக்காக மாத்திரையை நிறுத்திப் பத்து வாரம் ஆகிறது, இன்னும் வரவில்லை. ஐந்தாவது வாரத்தில் சேலத்துக்கு இறங்கி ஓர் ஆய்வகத்தில் ஹார்மோன் பரிசோதனை செய்துகொண்டேன். எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் குறைவு, புரோலாக்டின் 68 என்று வந்திருக்கிறது. தலைக்குள் கட்டி இருந்தால் இப்படி வரும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மாத்திரை என் கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டதா? சாப்பிட்ட மருந்து எல்லாவற்றையும் எழுதச் சொல்வீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன்: மாத்திரைக்கு முன்பும் எனக்கு 40, 45 நாளுக்கு ஒரு முறைதான் வரும், பரிசோதனைக்காகச் சேலத்துக்கு இறங்கிய அன்று பேருந்தில் வாந்தி வராமல் இருக்க டோம்பெரிடோன் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்: மாத்திரை உங்கள் கர்ப்பப்பையைக் கெடுக்கவில்லை, சகோதரி. அந்த அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளும் அந்த ஆய்வக அறிக்கையைவிட எனக்கு அதிகம் உதவின.

மாலா-என் அட்டையில் உள்ள 28 மாத்திரைகளில் 21 மட்டுமே ஹார்மோன் கொண்டவை. மீதி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். அந்த ஏழு நாட்களில் ஹார்மோன் நின்றுபோவதால் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிர்ந்து இரத்தம் வெளியேறுகிறது. ஆகவே நான்கு ஆண்டுகளாகத் தேதி தவறாமல் வந்தது அட்டையின் கணக்கே ஒழிய, உங்கள் உடலின் கணக்கு அன்று. கருமுட்டை வளர்ந்து வெடித்து, அதன்பின் வருகிற இயல்பான மாதவிலக்கு அந்தக் காலம் முழுவதும் ஓய்வில் இருந்தது. மாத்திரையை நிறுத்தியதும் உடல் தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பும். 40, 45 நாள் என்பதே உங்கள் வழக்கமாக இருந்ததால், மற்றவர்களைவிட உங்களுக்குச் சற்றுத் தாமதமாவதில் வியப்பில்லை. பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். (மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா கருத்தடை ஊசியை நிறுத்தியவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம், அவர்களுக்கு இன்னும் பல மாதங்கள் கூட ஆகலாம்.)

இனி அந்த 68. கர்ப்பமாக இல்லாத, பால் கொடுக்காத பெண்ணுக்கு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஒரு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 25 நானோகிராம் வரை இருக்கலாம் என்பதால், உங்கள் எண் கூடுதல்தான். ஆனால் வாந்தியை நிறுத்தும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகள் புரோலாக்டினை நேரடியாகவே ஏற்றிவிடும்; ஒரே ஒரு மாத்திரை போதும், சில மணி நேரத்துக்கு அது உயர்ந்தே இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கிய களைப்பும், ஊசி குத்தப் போகிறார்கள் என்ற பதற்றமும்கூட அதைக் கூட்டும். அன்றைய இரத்தத்தை வைத்துத் தலையில் கட்டி என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. அதே சமயம், கட்டி இல்லை என்று நானும் இங்கிருந்து சொல்ல முடியாது. புரோலாக்டின் உண்மையிலேயே கூடியிருந்தால், கருமுட்டையை வளர்த்து வெளியேற்றும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். குறைந்து மாதவிலக்கு தடைப்படும் என்பதால், பரிசோதனையை முறையாக ஒரு முறை திரும்பச் செய்தே ஆக வேண்டும்.

அதற்கு முன், நாளைக்கே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு: மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாவதால், ஒரு முறைகூட விலக்காகாமலே கரு உண்டாகிவிடலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் அதற்கான அட்டை இலவசமாகக் கிடைக்கும்.

கர்ப்பம் இல்லையென்றால், இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். இடையில் மாதவிலக்கு வந்துவிட்டால், இரத்தம் நன்றாகப் படத் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணி, இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் இரத்தம் கொடுக்க வேண்டும், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., சினைப்பையில் சுரக்கும் எஸ்ட்ரடையால் ஆகியவற்றை அந்த நாட்களில் பார்த்தால்தான் சரியாகப் பொருள் கொள்ள முடியும். பன்னிரண்டு வாரம் நிறைந்தும் வரவில்லையென்றால் எந்த நாளிலும் கொடுக்கலாம். புரோலாக்டினையும் தைராய்டுக்கான டி.எஸ்.எச்.ஐயும் அதே இரத்தத்திலேயே பார்த்துவிடலாம் என்பதால், உங்களுக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் இழப்பு வராது. மாதவிலக்கை வரவழைக்க மருந்துக் கடையில் நாரெத்திஸ்டிரோன் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட்டால், அதுவும் ஒரு ஹார்மோன் என்பதால் முடிவுகள் மறுபடியும் குழம்பிவிடும்.

முடிந்தால் முந்தைய நாளே இறங்கி, சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். வாந்தி மாத்திரையைக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதையும் இரண்டு மூன்று நாள் முன்னதாக நிறுத்த வேண்டும். பல ஆய்வகக் கருவிகளில் அது ஹார்மோன் அளவுகளைப் பொய்யாகக் காட்டும். காலையில் எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, ஆய்வகத்தில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகு இரத்தம் கொடுங்கள். மாத்திரையை நிறுத்திய தேதியையும் கடைசியாக விலக்கான தேதியையும் பரிசோதனைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதிகள் இல்லாத அறிக்கையைப் பார்த்து எந்த மருத்துவராலும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

மார்பிலிருந்து பால் கசிந்தாலோ, விடாத தலைவலியோடு ஓரப்பார்வை மங்கினாலோ இந்த இரண்டு வாரத்துக்குக் காத்திருக்காமல் உடனே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 34. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் பரிசோதனை செய்து பார்த்தேன், குறைவு என்கிறார்கள். இனிக் குழந்தை பிறக்காதா?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மாத்திரை சாப்பிடும் காலத்தில் ஏ.எம்.எச். உண்மையான அளவைவிடக் குறைவாகவே காட்டும். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் சென்றபின் திரும்பப் பாருங்கள். எஃப்.எஸ்.எச்., எல்.எச். போலன்றி இதை மாதத்தின் எந்த நாளிலும் பார்க்கலாம். அப்போதும் குறைவாகவே இருந்தாலும், சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் அது ஓரளவு காட்டுகிறது. இயல்பாகக் கருத்தரிப்பீர்களா மாட்டீர்களா என்பதை அது சொல்லாது. குழந்தை வேண்டுமென்று நினைத்தால், எண்ணைப் பார்த்துக் கலங்கிக்கொண்டிராமல் முயற்சியைத் தொடங்குங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதிருந்தே சாப்பிடலாம். 35 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓராண்டு வரை பார்க்கலாம் என்பது பொது விதியானாலும், நீங்கள் அந்த வயதை நெருங்குவதால் ஆறு மாதத்தில் கருத்தரிக்கவில்லையென்றால் கணவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அவருக்கும் விந்துப் பரிசோதனை தேவைப்படும்.