பழைய கதிரைக்குப் புது வீட்டில் இடம் உண்டா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: “வரிசை வீடான லயத்திலிருந்து ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய 550 சதுர அடித் தனி வீட்டுக்கு வந்திருக்கிறோம். தாத்தா, தோட்டத் துரையின் பங்களாவில் தச்சு வேலை பார்த்தவர். அவர் வழியாக வந்த சாய்மனைக் கதிரை, பெயின்ட் அடித்த அலுமாரி, இரண்டு தேயிலைப் பெட்டிகள், பாட்டியின் கொழுந்துக் கூடை எல்லாம் இருக்கின்றன. நுவரெலியா ஹோட்டல்களில் உள்ளதுபோல் வீட்டைப் பழைய பாணியில் அமைக்க ஆசை. கணவரோ எல்லாவற்றையும் விறகாக்கச் சொல்கிறார். சின்னப் பிள்ளைகள் இருவர். எதை வைத்துக்கொள்வது, எதை வாங்குவது?”

முதலில் அந்த ஹோட்டலை மறந்துவிடுங்கள். துரை பங்களாவின் சாமான்கள் உயர்ந்த கூரைக்கும் நீண்ட விறாந்தைக்கும் அளந்து செய்தவை. அவற்றைப் பத்தடி அறைக்குள் நிறைத்தால் வீடு களஞ்சிய அறையாகிவிடும். பழைய சாமானிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அதைச் செய்தவரின் யோசனையைத்தான். ஆணி தெரியாத பொருத்து, தரையீரம் ஏறாமல் தூக்கி நிறுத்தும் கால், காற்றுப் போக இடம் விட்ட கதவு ஆகியவற்றை உங்கள் அளவுக்கு உள்ளூர்த் தச்சு பாஸ் ஒருவரே செய்து தருவார்.

உங்களிடம் இருப்பவற்றுள் மதிப்புள்ளது சாய்மனைக் கதிரை. கால் நீட்டிக்கொள்ள அதன் கைப்பலகைகளைத் திருப்பினால் முன்பக்கம் நிறைய இடம் பிடிக்கும். கைப்பலகையை விரித்த நிலையில் நீளத்தை அளந்து, அந்த இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து பாருங்கள். நடக்க வழியில்லையென்றால் வாசல் விறாந்தையான முன் இஸ்தோப்புதான் அதற்கு இடம். சாரல் மட்டும் படக்கூடாது. பிரம்புப் பின்னல் வெப்பத்துக்காக வந்தது. முதுகுக்குப் பின்னால் காற்றோட வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் குளிரில் அதே காற்று முதுகைக் குத்தும். மெல்லிய பஞ்சுத் திண்டு ஒன்று தைத்துப் போட்டால் மாமனார் மாலை முழுவதும் எழுந்திருக்க மாட்டார்.

பின்னல் அறுந்திருக்கிறதா, தொய்ந்து மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தொய்வு மட்டுமானால் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். பிரம்பு காயும்போது இறுகும். அறுந்திருந்தால் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது, ஒவ்வொரு இழையாகத்தான் மீண்டும் பின்ன வேண்டும். துளைகளுக்குப் பதில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், ஓடினால், பின்னிய பிரம்புத் தாளை வாங்கி அழுத்திப் பொருத்தலாம். செலவு குறைவு. பிளாஸ்டிக் நார் மட்டும் வேண்டாம், அது அந்தக் கதிரைக்குச் செய்யும் அவமரியாதை.

கதிரையின் பழைய மினுக்கைச் சுரண்ட அவசரப்பட வேண்டாம். கண்ணில் படாத மூலையில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென இளகினால் அது அரக்குப் பொலிஷ். சுத்தம் செய்து மேலே ஒரு பூச்சு கொடுத்தாலே போதும். ஆனால் ஈரக் காற்றில் பூசினால் அரக்கு வெளுத்துப் பால்போலப் படரும். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை காத்திருங்கள். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்குக் கணக்கு வேறு: அங்கே ஆண்டின் நடுப்பகுதிதான் வறண்ட காலம்.

அலுமாரியில்தான் எனக்குக் கவலை. இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு வந்தது 2013 இல். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் காய்வாகத் தேய்த்தால் தூசி பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். பெயின்ட் உதிராமல் இறுகியிருந்தால் துடைத்துவிட்டு மேலே புதிதாகப் பூசுங்கள். உதிர்ந்தால், பிள்ளைகள் இல்லாத இடத்தில், ஈரம் விட்டுத் தேய்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சிறு துளைகள் தெரிந்தால் கீழே கறுப்புத் தாள் விரித்துச் சில நாள் விடுங்கள். புதிய மாவு விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது, மருந்து வைக்காமல் உள்ளே கொண்டுவராதீர்கள். பூசணம் பிடிக்காமலிருக்கச் சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மேற்பக்கத்தை இரும்புப் பட்டியால் சுவரோடு இணைக்கவும் வேண்டும், இழுப்பறைகளைப் படியாக்கி ஏறாத பிள்ளை இல்லை.

தேயிலைப் பெட்டிகளின் உள்ளே தாள் ஒட்டியிருந்தால் கழற்றி வீசுங்கள். மிகப் பழைய பெட்டிகளில் அது ஈயத்தாளாக இருந்தது. தகர விளிம்பின் கூர் முனைகளை அடித்து மழுக்கி, சில்லு பூட்டினால் விளையாட்டுச் சாமான் வைக்கலாம். மூடி மட்டும் வேண்டாம். அச்செழுத்துகள் இருக்கும் பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், தோட்டத்தின் பெயர் அதில்தான் இருக்கும்.

கூடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹோட்டல்களில் கொழுந்துக் கூடையைச் சுவரில் மாட்டி விளக்குப் போடுகிறார்கள். அதன் கயிறு நெற்றியில் அழுத்திய தழும்பு அவர்களுக்குத் தெரியாது. பாட்டி இருந்தால் அவரிடமே கேளுங்கள், வேண்டாமென்றால் வேண்டாம். வைத்தால் அழுக்குத் துணி போடவோ உருளைக்கிழங்கு வைக்கவோ பயன்படுத்துங்கள்.

வாங்குவதென்றால் கைவினையில் செலவழியுங்கள். கண்டிக்கு அருகே ஹேனவலையில் நெய்யும் தும்பறைப் பாய்க் கலை 2021 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நாரில் நெய்த அந்தத் துண்டு ஒன்று சுவரில் போதும், ஈரத் தரையில் விரித்தால் கெட்டுவிடும். மாத்தளை ஹப்புவிதவில் அரக்கை நகத்தால் இழுத்து மரத்தில் கோலமிடுகிறார்கள். ஒரு சிறு பெட்டி வாங்கலாம்.

கடைகளில் ‘பழையது’ என்று காட்டும் மேசையைக் கவிழ்த்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். அடியிலும் ஒரே கருமைச் சாயம், சிலுவைத் தலைத் திருகாணி, இழுப்பறையின் பின்பலகையில் ஒட்டுப்பலகை இவை தெரிந்தால் போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம். புது மேசை தவறில்லை, புது மேசையின் விலையைக் கொடுங்கள்.