பழைய மோட்டாருக்கு எந்தக் கண்டென்சர்?

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றில் அப்பா காலத்து அரை எச்.பி. மோட்டார் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றுவதில்லை. மோட்டார் கிளம்பிச் சுற்ற உதவும் கண்டென்சர் போய்விட்டது என்கிறார் எலக்ட்ரீஷியன். பழையதில் எழுத்தெல்லாம் அழிந்து ‘440’ மட்டும் தெரிகிறது. கடையில் கேட்டால், “பெரிதாகவே போடுங்கள், நன்றாக இழுக்கும்” என்கிறார்கள். போடலாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போடாதீர்கள். முத்தியால்பேட்டையில் என் அண்ணன் வீட்டில் இதே பேச்சை நம்பி, 36 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கண்டென்சரின் கொள்ளளவு) இருந்த இடத்தில் 50 போட்டார்கள். ஒரு கோடை தாங்கவில்லை. மோட்டாரின் கம்பிச் சுருள் கருகி, கண்டென்சர் விலையைப் போலப் பல மடங்கு, சுருளைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங்குக்குப் போனது. எம்.எஃப்.டி. கூடினால், கண்டென்சரோடு இணைந்த துணைச் சுருளில் மின்சாரம் கூடும், சூடும் கூடும். குறைந்தால் கிளம்பத் திணறும். ஆகவே அந்த எண் பழையபடியே இருக்க வேண்டும். வோல்ட் மட்டும் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக் கூடாது.

வாங்கப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கடற்கரை ஊரில் நாலு மாதம் ஓடாமல் கிடந்த பம்பு துருவேறி இறுகிவிடுவது உண்டு. அப்போதும் இதே உறுமல்தான் வரும். கண்டென்சரை மாற்றிப் பயனில்லை.

தண்டு எளிதாகச் சுற்றுகிறதென்றால், அழியாமல் நின்ற அந்த 440 நல்ல துப்பு. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் இணைப்பிலேயே இருக்கும் ‘ரன்’ கண்டென்சரில்தான் பொதுவாக 440 வோல்ட் இருக்கும். வீட்டு மின்சாரம் 230தானே என்று கேட்பீர்கள். ஓடும் மோட்டாரில் கண்டென்சரின் இரு முனைகளுக்கிடையே அதைவிட அதிக வோல்ட் ஏறும். கிளம்பும்போது ஓரிரு நொடி மட்டும் உதவிவிட்டு விலகும் ‘ஸ்டார்ட்’ கண்டென்சர் வேறு வகை. எம்.எஃப்.டி. அதிகம், வோல்ட் குறைவு. அதை ரன் இடத்தில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வீங்கி வெடித்துவிடும்.

எம்.எஃப்.டி. எண்ணை மோட்டாரின் பெயர்த்தகட்டில் தேடுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் பல தகடுகள் வாய் திறக்கும். பழைய கண்டென்சரை மீட்டரில் அளந்து அந்த எண்ணை வாங்காதீர்கள். கெட்டுப்போனது உண்மை சொல்லாது. தகடும் போயிருந்தால் மோட்டாரையே வைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள். சுருளைப் பார்த்து ஒரு மதிப்பைப் போட்டு ஓட்டி, ஆம்பியரை அளந்து அவர்கள் முடிவு செய்வார்கள்.

கடையில், மோட்டார் கண்டென்சருக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 2993-உம் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். வெப்ப அளவு 70 டிகிரி, 85 டிகிரி என இரண்டு வரும்; நம் ஊர் வெயிலுக்கு 85 எடுங்கள். உப்புக்காற்றில் அலுமினிய உறை அரிக்கும் என்பதால், மூடியுள்ள பிளாஸ்டிக் உறைதான் என் விருப்பம். ரசீது கேட்டு வாங்குங்கள். போலியை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பழையதைக் கழற்றும்போது கவனம் வேண்டும். மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் ஒரு குண்டு பல்பை இரு முனைகளிலும் இணைத்து அதை இறக்கிய பிறகே யாரும் கை வைக்கலாம்.