டோக்கியோ காட்சியை மார்ச்சுக்குத் தள்ளுங்கள்

உங்கள் கதையில் 1945 நவம்பரில் அமெரிக்கப் படை நேராக டோக்கியோ பக்கம் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், படித்தவர்கள் இடிக்கிறது என்கிறார்கள், எதை மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். நவம்பர் தேதி அப்படியே இருக்கட்டும், இறங்கும் இடத்தை மாற்றுங்கள். ஜப்பானுக்குள் படையெடுக்கப் போட்டு, நடக்காமலே போன ‘டவுன்ஃபால்’ திட்டத்தில் இரண்டு கட்டங்கள். 1945 நவம்பர் 1-இல் ‘ஒலிம்பிக்’, அது தெற்கே கியூஷூ தீவில். அதிலும் தீவின் தென்பகுதியை மட்டும் பிடித்து, விமானத் தளங்கள் போட்டு, அங்கிருந்து பறக்கும் விமானங்களின் துணையோடுதான் 1946 மார்ச்சில் டோக்கியோவைக் குறிவைத்த ‘கொரோனெட்’. அதனால் உங்கள் நாயகன் முதலில் மியாசாகி கரையிலோ அரியாகே விரிகுடாவிலோதான் இறங்க வேண்டும்.

அப்புறம், ஜப்பானியர்கள் அசந்து நிற்பதாக எழுதியது எனக்கு ஒப்பவே இல்லை. வரைபடத்தைப் பார்த்தாலே எந்தக் கரை தோதானது என்று தெரியும், அவர்களும் சரியாகவே கணித்து கியூஷூவில் படையைக் குவித்தார்கள். தற்கொலை விமானங்கள், வெடிமருந்து ஏற்றிய சிறு படகுகள் எல்லாம் தயார். ஊர்ப் பெண்களுக்குக்கூட மூங்கில் ஈட்டியால் குத்தப் பயிற்சி கொடுத்தார்கள், அந்தப் பெண்களில் ஒருத்தியைக் கட்டாயம் கதைக்குள் கொண்டுவாருங்கள். ஆகஸ்டில் ஜப்பான் சரணடையாத உலகம் இது என்பதையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.