பாலைவன வீடுகளின் ஏசி இல்லாத குளிர்ச்சி முறை வடசென்னை மொட்டைமாடி வீட்டுக்கு ஒத்துவருமா?

கேள்வி: ஈரானின் காற்றுக் கோபுரங்கள், ஜெய்சல்மேரின் தடித்த சுவர்கள், பாலைவன உயிரினங்களைப் பார்த்துச் செய்த கட்டட உத்திகள் பற்றி நிறையப் படித்தேன். தண்டையார்பேட்டையில் மேல்தள வீடு, 500 சதுர அடி கான்கிரீட் தளம். இவற்றில் எதைச் செய்யலாம்?

பாதி உதவும், பாதி உதவாது. உதவாததை முதலில் சொல்லிவிடுகிறேன், காசு மிச்சமாகும்.

பாலைவன வீடு தன் சூட்டைக் கொட்ட இரண்டு இடம் வைத்திருக்கிறது: குளிர்ந்த இரவு, காய்ந்த காற்று. ஜெய்சல்மேரில் மே மாதம் பகலுக்கும் இரவுக்கும் ஏறக்குறைய 15 டிகிரி வித்தியாசம். பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்த கல்சுவர் இரவில் அதை வெளியே விட்டுவிடும். சென்னையில் அந்த வித்தியாசம் பத்துக்குள்தான், கடலை ஒட்டிய தெருக்களில் இன்னும் குறைவு. இரவு பதினொன்றுக்கும் வெளியே 30 டிகிரி என்றால் சுவர் சூட்டை எங்கே விடும்? கட்டில் மேல்தான். எனவே சுவரைத் தடிமனாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

ஈரத் தட்டி, கூலர் கதையும் அதுதான். காய்ந்த காற்றில் தண்ணீர் ஆவியாகும்போது குளிரும். இங்கே காற்றே ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. கூலர் வாங்கியவர்கள் வீட்டில் தலையணை உறை நமுத்துப்போனதுதான் மிச்சம்.

ஈரானின் யஸ்த் நகரத்துக் காற்றுக் கோபுரம் பார்க்க அழகு. உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும், உள்ளே இருக்கும் சூடான காற்றை மேலே வெளியேற்றும். தௌலத்தாபாத் தோட்டத்தில் இருப்பது 33 மீட்டர் உயரம். நம் வீட்டில் ஒரு மாடி உயரத்துக்குப் புகைபோக்கி மாதிரி கட்டினால் என்ன கிடைக்கும்? 3 மீட்டர் உயரம், உள்ளுக்கும் வெளிக்கும் 3 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் சுமார் 0.35 பாஸ்கல் அழுத்தம். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் கடற்காற்று 5 பாஸ்கலுக்கு மேல் தரும். ஆகவே புதிதாகக் கோபுரம் வேண்டாம், மாடிப்படி மேல் இருக்கும் ஹெட்ரூமே போதும். அதன் மேற்குச் சுவரில் வலை வைத்த திறப்பு விடுங்கள், கிழக்கு ஜன்னல் அளவுக்குக் குறையாமல். காற்று வெளியேறும் வாசல் சின்னதாக இருந்தால் உள்ளே நுழைவதும் குறைந்துபோகும். மே மாதம் பகலில் மேற்கிலிருந்து அனல் அடிக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் சாத்தி வையுங்கள், கடற்காற்று திரும்பிய பிறகு திறங்கள்.

இனி, உதவுவது. சகாராவின் வெள்ளி எறும்பு நடுப்பகலில் இரை தேடும். அதன் உடம்பு முடியின் குறுக்குவெட்டு முக்கோணம். அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, உடல் சூட்டையும் அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. 2015இல் வெளியான ஆய்வு இதை விளக்கியது. இரண்டு வேலையும் சேர்ந்தால்தான் பலன். சிமெண்ட் ஷீட்டுக்குச் சில்வர் பெயிண்ட் அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது பளபளக்கும், ஆனால் வாங்கிய சூட்டை எளிதில் விடாது. வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு சூட்டை விடும் அந்த வேலையைச் சில்வர் பெயிண்டைவிட நன்றாகச் செய்யும். (நம் ஊர் ஈர வானம் அந்தக் கதிரில் நிறையத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் எறும்பின் முழு லாபம் நமக்கில்லை.)

கணக்குப் பாருங்கள். 500 சதுர அடி என்பது 46 சதுர மீட்டர். கறுத்துப்போன தளம் வெயிலில் 70 சதவீதத்தை உறிஞ்சும், புதுச் சுண்ணாம்பு 30 சதவீதம். உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட். வித்தியாசம் 18 கிலோவாட். இதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும்தான். மிச்சம் தளத்தில் இறங்கி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் தலைக்கு மேலிருந்து எரிக்கும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு 15 முதல் 20 கிலோ, கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். நீற்றும்போது கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி ஆகாது, இரும்பு டிரம்மில் ஊறவையுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். ஒரு நாள் கழித்துத் துணியில் வடிகட்டி, 10 கிலோவுக்கு ஒரு கிலோ ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை கலந்துகொள்ளுங்கள். முன்னதாகக் கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து எடுத்து, வெடிப்பை அடைத்து, தளத்தை நனைத்திருக்க வேண்டும். சாயங்காலம் அடியுங்கள், மூன்று மெல்லிய கோட், நாளுக்கு ஒன்று. வேலையை முடிக்கும் அவசரத்தில் ஒரே தடித்த கோட்டாக அடித்தால் அப்பளம் மாதிரி உரிந்து வரும். பங்குனியில் அடிப்பது சரி. லாரிப் புழுதியும் எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூளும் படிந்து வெள்ளை மங்கும், மாதம் ஒருமுறை பெருக்கித் துடையுங்கள். அடித்த பிறகு வரும் முதல் இரண்டு மழைத் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழாயில் விடாதீர்கள்.

இரண்டாவது பாடம் இஸ்ரேலின் நெகேவ் பாலைவன நத்தையிடம் இருக்கிறது. ஓடு வெள்ளை. கோடையில் அது உடலை ஓட்டின் மேல்சுற்றுக்கு இழுத்துக்கொள்ளும், சுடும் தரைக்கும் உடலுக்கும் நடுவே காற்று இடைவெளி கிடைக்கும். தளத்தின் மேல் அந்த இடைவெளிதான் பந்தல். 75 சதவீத நிழல் வலையைத் தரையில் விரித்துவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். வலை தளத்திலிருந்து குறைந்தது ஒரு அடி மேலே நிற்க வேண்டும், தலை இடிக்காமல் நடக்க ஏழு அடி. உப்புக்காற்றுக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போடுங்கள், சாதா இரும்பு வேண்டாம். ஐப்பசி பிறந்ததும் வலையைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள், 2016 டிசம்பர் வர்தா புயலில் கூரைகள் பறந்தது நினைவிருக்கும். நெருக்கமான தெருவில் கீற்றுப் பந்தல் வேண்டவே வேண்டாம், ஒரு தீபாவளி ராக்கெட் போதும்.

சாக்கை நனைத்துத் தளத்தில் போடுவது மட்டும் ஈர ஊரிலும் பலிக்கும். 55 டிகிரிக்கு மேல் சுடும் தளத்திலிருந்து தண்ணீர் நன்றாகவே ஆவியாகும், ஈரமும் வீட்டுக்குள் வராது. ஆனால் உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பி துருப்பிடித்து ஊதும், சில வருடத்தில் கீழ்ப்பூச்சு பெயர்ந்து விழும்.