மிக்ஸி ஓடுமா என்று கேட்ட அம்மாவுக்கும், டல்லாஸ் என்று முடிவு செய்துவிட்ட அப்பாவுக்கும்

மகளின் மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்க நாமக்கல்லில் இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பாவுக்கு லாரித் தொழில். மகள் பி.இ. சிவில் கடைசி வருடம். பெரியப்பா மகன் அமெரிக்காவில், டல்லாஸில் ஐ.டி.யில் இருக்கிறார். "சிவிலெல்லாம் வேலைக்கு ஆகாது, டேட்டா சயின்ஸில் எம்.எஸ். போடச் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்று அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெண்ணுக்கு இங்கிலாந்து மேல் ஒரு கண். "ரெண்டு ஊர்லயும் இங்கிலீஷ்தானே சார், சம்பளம் ஜாஸ்தி இருக்கிற பக்கம் போகட்டுமே" என்றார் அப்பா. அம்மா கேட்டது ஒன்றுதான்: "அங்க நம்ம மிக்ஸி ஓடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கவலைப்படாதீர்கள், எங்கே போனாலும் பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்று நானும் ஆறுதலாக ஆரம்பித்தேன். ஆனால் அன்று கேட்கப்பட்டதில் உருப்படியான கேள்வி அம்மாவுடையதுதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஓடும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சதுர முனை கொண்ட மூன்று பின் பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் மிக்ஸி அங்கே திணறும், கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கூடவே சுமக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக வாங்க வேண்டும். மொழி ஒன்று என்பதால் வாழ்க்கையும் ஒன்று என்று அப்பா நினைப்பது மிக்ஸியிலேயே உடைந்துபோகிறது.

அப்புறம் போக்குவரத்து. டல்லாஸ் போன்ற ஊரில் கார் இல்லாமல் காலம் தள்ளுவது பெரும்பாடு. கார், இன்சூரன்ஸ், பெட்ரோல், வலது பக்கம் ஓட்டிப் பழகுவது என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். கல்லூரி தரும் செலவுக் கணக்கில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. இங்கிலாந்தில் மாணவர்கள் பஸ்ஸிலேயே சமாளித்துவிடுகிறார்கள். தற்போது பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒற்றைப் பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. கார் ஓட்டியே ஆக வேண்டுமென்றாலும் நம்மைப் போல இடது பக்கம்தான். குடியேறியதிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸிலேயே ஓட்டலாம்.

கடைக்குப் போனால், டல்லாஸில் அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் பில் போடும்போது பெரும்பாலான பொருட்களுக்கு 8.25 சதவீதம் விற்பனை வரி ஏறும். ஓட்டலில் சாப்பிட்டால் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ். கட்டாயமில்லை என்பார்கள், வைக்காமல் எழுந்து வந்தால் தெரியும். இங்கிலாந்தில் ஒட்டியிருக்கும் விலைதான் கொடுக்கும் விலை. டிப்ஸ் குறைவு, பல இடங்களில் வைப்பதே இல்லை.

உடம்பு சரியில்லை என்றால்தான் வித்தியாசம் பயங்கரமாகத் தெரியும். அமெரிக்காவில் கல்லூரி சொல்லும் இன்சூரன்ஸைப் பெரும்பாலும் எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகும் முதல் இவ்வளவு டாலர் உன் பொறுப்பு, ஒவ்வொரு முறையும் இவ்வளவு கட்டு என்று இருக்கும். இங்கிலாந்தில் மாணவர் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, வீட்டுப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் பதிவு செய்துகொண்டால் பார்ப்பதற்குத் தனியாகக் காசு இல்லை. மருந்துக்கு ஒரு வகைக்கு 9.90 பவுண்ட். உடனே பார்ப்பார்களா? அது வேறு கதை. காத்திருக்க வேண்டும். பல்வலிக்கோ இங்கிருந்து கிளம்பும் முன்பே வைத்தியம் பார்த்துவிடுங்கள்.

இங்கிலாந்து சொர்க்கம் என்று சொல்லவில்லை. டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கும். பழைய வீடுகளில் சுடுதண்ணிக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணிக்கு ஒரு குழாய், வாஷிங் மெஷின் அடுப்படியில். அமெரிக்க வகுப்பில் வாரா வாரம் வீட்டுப்பாடம், குட்டித் தேர்வு என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். இங்கிலாந்தில் வகுப்பு நேரம் குறைவு, படிப்பை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டுக் கடைசியில் கட்டுரை கேட்பார்கள். மார்க் 62 வந்தால் வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள். 50 எடுத்தால் பாஸ், 70 எடுத்தால் மிக உயர்ந்த தகுதி.

சரி, இதையெல்லாம் வைத்து நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேனா? இல்லை. டல்லாஸ் அண்ணனுக்கு அந்த ஊர் ஒத்துப்போனது, அது அவருடைய கதை. ஜி.ஆர்.இ. தேர்வு, படித்து முடித்ததும் அங்கே வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதி, வருடத்துக்கு 85,000 என்ற எச்1பி வேலை விசா உச்சவரம்பு எல்லாவற்றையும் அவரே சொல்லுவார், நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் பெண்ணிடம் கேட்டேன், நாலு வருடத்தில் எந்தப் பாடத்தைத் தூக்கம் வராமல் படித்தாய் என்று.

எஸ்டிமேஷன் என்றாள், அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் பாடம். அப்பா புதிதாகக் கட்டிய லாரி ஷெட்டின் பில்லைத் தானே டேப் பிடித்துச் சரிபார்த்திருக்கிறாள். ரோலிங் ஷட்டர் வரும் திறப்பு மூன்று சதுர மீட்டருக்கு மேல். கட்டட வேலையை அளப்பதற்கான நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200 படி அந்த அளவை உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் பூச்சுக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, திறப்பின் ஓரங்களை மட்டும் சேர்க்க வேண்டும். மேஸ்திரி கழிக்கவே இல்லை. சுவர் முழுக்கப் பூசியதாகக் கணக்கு. இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரலே மாறிவிட்டது. அப்பாவுக்கு அன்றுவரை விஷயமே தெரியாது!

இப்படிப்பட்ட பிள்ளைக்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. குவாண்டிட்டி சர்வேயர். கட்டடத்தின் காசுக்குக் காவல். வரைபடத்திலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் அளவு எடுத்து, விலைப் பட்டியல் தயாரித்து, டெண்டர்களை ஒப்பிட்டு, மாதா மாதம் ஒப்பந்தக்காரர் எவ்வளவு முடித்தார் என்று மதிப்பிட்டு, நடுவில் உரிமையாளர் மாற்றிய ஒவ்வொன்றுக்கும் பணம் கணக்கிட்டு, கடைசிக் கணக்கு முடியும் வரை கூட நிற்பவர். பாதி நாள் சைட்டில் ஹெல்மெட்டோடு, பாதி நாள் எக்செல் முன்னால். நம் பொதுப்பணித் துறையில் எம்-புக் என்று அளவுப் புத்தகம் எழுதுகிறார்களே, அதே பிரிட்டிஷ் வேர்தான்.

இங்கேதான் இரண்டு நாடுகளும் நிஜமாகப் பிரிகின்றன. பிரிட்டனில் இது தனித் தொழில். 1868இல் தொடங்கிய ஆர்.ஐ.சி.எஸ். என்ற அமைப்பு தகுதி கொடுக்கிறது, அளவெடுக்க விதிப்புத்தகமே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்துக்குள் இருக்கும் எஸ்டிமேட்டரே செய்துவிடுவார், தனித் தொழிலாக அது வளரவில்லை. துபாய், தோஹா, சிங்கப்பூர் எல்லாம் பிரிட்டிஷ் வழி. இலங்கைப் பிள்ளைகள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டம் உண்டு, படித்தவர்கள் வளைகுடா முழுக்க இருக்கிறார்கள். நம் சிவில் பிள்ளைகளோ சைட் இன்ஜினியர், இல்லையென்றால் கோடிங் என்று இரண்டே கதவுகளைப் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஆர்.ஐ.சி.எஸ். அங்கீகரித்த ஓராண்டு எம்.எஸ்ஸி.யை சிவில் படித்தவர்களும் படிக்கலாம். ஆனால் இந்த வருடமே விமானம் ஏறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படிப்புக்குப் பின் வேலை தேடும் விசாவுக்கு 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பித்தால் கிடைப்பது 18 மாதம்தான். புதிதாக வருபவர்களுக்கு ஆர்.ஐ.சி.எஸ். கேட்கும் பயிற்சியோ 24 மாதம். நடுவில் இருக்கும் ஆறு மாதத்துக்கு, விசா ஸ்பான்சர் செய்யும் முதலாளி கிடைத்தே ஆக வேண்டும். அனுபவமே இல்லாத பிள்ளையை யார் ஸ்பான்சர் செய்வார்?

ஆகவே முதலில் இரண்டு வருடம் சென்னையிலோ பெங்களூரிலோ அளவு-பில்லிங் வேலை. கட்டடச் செலவைக் கணக்கிட்டுத் தரும் பிரிட்டிஷ் காஸ்ட் கன்சல்டன்ஸிகளுக்கு இந்தியாவிலேயே அலுவலகங்கள் இருக்கின்றன. ஆர்.ஐ.சி.எஸ். பயிற்சியை இங்கிருந்தே தொடங்கவும் முடியும். தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாகவே இருக்கும், சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போதும் லண்டன் வேண்டாம். விசாவுக்குக் கையிருப்பு காட்டுவதே லண்டனில் மாதம் 1,529 பவுண்ட், வெளியே 1,171. வெளியூர் என்றால் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்ட், படிப்புக் கட்டணம் தனி. 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். யாரிடமோ கைமாற்று வாங்கி ஒரு நாள் காட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பார்ட் டைம் வேலை செய்து ஃபீஸ் கட்டிவிடுவாள் என்ற பேச்சும் வேண்டாம். பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருக்கும்.

டல்லாஸுக்காக வீட்டை அடகு வைக்க அப்பா வங்கியில் பேசிவிட்டாராம். அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அண்ணனுக்கு நன்றி சொல்லுங்கள், டேட்டா சயின்ஸ் வேண்டாம் என்று பெண்ணே அவரிடம் பேசட்டும், நீங்கள் நடுவில் போகாதீர்கள். அடுத்த முறை வரும்போது அவள் மட்டும் வந்தால் போதும். அந்த ஷெட் பில்லையும், தான் எடுத்த அளவுகளை எழுதிய நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வேலைக்கான விண்ணப்பத்தை அதை வைத்தே எழுதுவோம்.