'ப்ரே ஆன்' என்றால் என்ன பொருள்? எங்கே பயன்படுத்துவது?

ஒன்றை இரையாகக் கொள்வது என்பதுதான் அடிப்படைப் பொருள். பி, ஆர், ஈ, ஒய் என்று எழுத வேண்டும். அந்த ஈ இருக்கும் இடத்தில் ஏ போட்டால் பிரார்த்தனை ஆகிவிடும். உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

விலங்குகளைப் பற்றிச் சொல்லும்போது, பெரும்பாலும் இது வழக்கமான உணவைக் குறிக்கும். 'பார்ன் அவுல்ஸ் ப்ரே ஆன் ராட்ஸ்' என்றால் கூகைகள் எலிகளைப் பிடித்துத் தின்பவை என்று அர்த்தம். நெல் வயலில் டி வடிவக் குச்சிகளை நட்டு ஆந்தைகளை உட்கார வைப்பது அதற்காகத்தான். நேற்று இரவு ஒரு கூகை ஓர் எலியைப் பிடித்தது என்று சொல்ல இந்த வினை பொருந்தாது, 'கேட்ச்' என்பதன் இறந்தகால வடிவமான 'காட்' போதும்.

செய்திகளில் நீங்கள் அதிகம் பார்ப்பது மனிதர்களைப் பற்றிய பயன்பாடாக இருக்கும். 'ஸ்காமர்ஸ் ப்ரே ஆன் தி எல்டர்லி.' இதை 'முதியவர்களை ஏமாற்றுகிறார்கள்' என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிப் பொருள் போய்விடும். எதிர்த்து நிற்க முடியாதவர்களாகப் பார்த்துக் குறிவைக்கிறார்கள் என்ற கண்டனமும் அதில் இருக்கிறது. சம பலமுள்ள இரண்டு வியாபாரிகள் ஒருவரை ஒருவர் ஏமாற்றினால் அங்கே இந்தச் சொல் வராது.

ஆளுக்குப் பதிலாக அவருடைய பலவீனத்தையும் சொல்லலாம். போலீஸ் என்று வீடியோ காலில் வந்து, "உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடி இருக்கிறதே, அதற்கு 'தே ப்ரே ஆன் பீப்பிள்ஸ் ஃபியர்' என்பது கச்சிதமான வாக்கியம். பயம்தான் அங்கே அவர்களுடைய பிடி. (இப்படி யாராவது மாட்டிக்கொண்டால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.)

அப்புறம், 'இட்ஸ் ப்ரேயிங் ஆன் மை மைண்ட்' என்றும் சொல்வார்கள். ஒரு கவலை மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். இங்கே வேட்டைக்காரர் யாருமில்லை, கவலையேதான் எழுவாய்.

'ஆன்' இல்லாமல் 'ஸ்காமர்ஸ் ப்ரே தி எல்டர்லி' என்று எழுதக் கூடாது. எழுத்து நடையில் 'அப்பான்' என்றும் வரும். இரையானவர் பக்கமிருந்து சொல்ல வேண்டுமென்றால் 'ஃபால் ப்ரே டு' இருக்கிறது: 'ஹி ஃபெல் ப்ரே டு எ ஸ்காம்', அவர் ஒரு மோசடிக்கு இரையானார். அங்கே 'ஆன்' கிடையாது, 'டு' தான்.