"எல்லாம் ஓகே சிஸ்டர்" என்றால் கொஞ்சம் பயப்படுங்கள்

கேள்வி: பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு சிஸ்டராகி மூன்று மாதம் ஆகிறது. ஷிப்ட் மாறும்போது என்ன கேட்டாலும் "எல்லாம் ஓகே சிஸ்டர்" என்பார்கள். போன வாரம் ஒரு மருந்தின் அளவு தப்பாக எழுதியிருந்ததைப் புதிய தாதி கவனித்தும் சொல்லவில்லை. நல்லவேளை, ஃபார்மசியில் பிடித்துவிட்டார்கள். எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன், அழுதுவிட்டாள். எல்லாரையும் பத்து பெரிங்கிக்கு டீம் பில்டிங் கூட்டிப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், கடற்கரையில் கயிறு இழுத்துவிட்டு நாசி கண்டார் சாப்பிட்டால் தனி ருசிதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளை மறுபடியும் வாயைத் திறக்காது. "எல்லார் முன்னாலும் கேட்டேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. அழுதது ஒருத்தி, பாடம் படித்துக்கொண்டது மொத்த வார்டும்.

அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களில் நடக்கும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், கணக்கில் அங்கேதான் அதிகம்! அவர்கள் கூடுதலாகத் தப்பு செய்ததாகத் தெரியவில்லை, மறைக்காமல் சொன்னார்கள், அதுதான் வித்தியாசம் என்ற முடிவுக்கு வந்தார். அதனால்தான் உங்கள் வார்டின் "எல்லாம் ஓகே" எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று, மருந்து எழுதியவர் டத்தோ பட்டம் வாங்கிய ஸ்பெஷலிஸ்ட் என்றால், நேற்று வேலைக்கு வந்த பிள்ளை எப்படி "டாக்டர், இது தப்பு" என்று சொல்லும்? சொல்வதற்கு ஒரு வழி கொடுங்கள். எஸ்பார் (SBAR) என்று ஒரு முறை இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்காரர்களிடமிருந்து மருத்துவமனைக்கு வந்தது. போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது, முதல் சில தடவை அந்தப் பிள்ளை போன் பண்ணும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், டாக்டர் எரிந்து விழுந்தால் போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். "எல்லாம் ஓகேயா?" வேண்டாம், "எந்தக் கட்டிலை நினைத்தால் மனசு உறுத்துகிறது?" என்று கேளுங்கள். ஒரு வாரம் யாரும் பேச மாட்டார்கள். அப்போது நீங்கள் தாதியாக இருந்தபோது செய்த ஒரு தப்பை எடுத்துச் சொல்லுங்கள். (ஆள் பற்றாக்குறை என்றால் அது வேறு கதை, மேட்ரனிடம் எழுத்தில் கொடுங்கள்.)

பத்து பெரிங்கிக்குப் போவதற்கு முன்னால், அந்தப் பிள்ளையைக் கேண்டீனுக்குக் கூட்டிப் போய் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள். மறுநாள் அதையே எல்லார் முன்னாலும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.